குரோஸ் பாணியில் நொய்யல்

"ஜார்ஜ் குரோஸ் பாணியில் சாயப்பட்டறை முதலாளி, பக்கத்தில் நொய்யல் ஆறு" என்று ஏஐ-யிடம் கேட்டு வாங்கிய படங்களை நம்ம பக்கத்துத் தம்பிகள் சிலர் பகிர்கிறார்கள். குரோஸ் என்பவர் முதலாளிகளையும் அரசியல்வாதிகளையும் கிண்டலாகக் கிழித்து வரைந்த ஜெர்மன் ஓவியர். நானும் கேட்டுப் பார்த்தேன். கோணல் கோடு, மடிப்பு விழுந்த பிடரி, வாயில் சுருட்டு, எல்லாம் அச்சு அசல். ஆனால் ஓரமாக நின்று பனியன் மடிக்கிற பெண்ணுக்கும் அதே பிடரி, அதே கோரப் பல். ஆறு மட்டும் ஊதா நிறத்தில் பளபளவென்று அழகாக ஓடுகிறது. எனக்குக் கோபம்தான் வந்தது.

குரோஸின் அரசியல் கோட்டோவியங்களில் முதலாளி கொழுத்திருப்பார், தொழிலாளி ஒட்டி உலர்ந்திருப்பார். யாரைக் கிழிக்க வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. 1926இல் வரைந்த 'சமூகத்தின் தூண்கள்' ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கையில் பீர் குவளையோடு ஒருவர், கழுத்துப் பட்டையில் நாஜிகளின் ஸ்வஸ்திகா. திறந்து கிடக்கும் மண்டைக்குள்ளிருந்து குதிரை வீரன் ஒருவன் கிளம்புகிறான். பத்திரிகைக்காரர் தலையில் மூத்திரச் சட்டி. அரசியல்வாதியின் மண்டைக்குள் ஆவி பறக்கும் மலம். யார் தலைக்குள் எது என்பதை ஒவ்வொன்றாக அவர் தீர்மானித்திருக்கிறார். ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் ஏழு வருடம் இருந்த நேரம் அது! அந்தத் தீர்மானம்தான் முதலில், கோணல் கோடு அதற்கு அப்புறம்தான்.

அதற்கான விலையையும் கொடுத்தார். ராணுவத்தை இழிவுபடுத்தியதாக வழக்குப் போட்டு 1921இல் 300 மார்க் அபராதம் விதித்தார்கள். பின்னால் ஆபாச வழக்கு, தெய்வ நிந்தனை வழக்கு. 1933இல் அமெரிக்காவுக்கே போய்விட்டார்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யலின் கதையும் அப்படிக் கூர்ந்து பார்க்க வேண்டியதுதான். பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டி ஆனது. கிணறு கெட்டது, விவசாயக் காடு கெட்டது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இதில் பட்டறைக்காரர் மட்டுமா? கண்டும் காணாமல் இருந்த அதிகாரி, மலிவு விலைக்கு நெருக்கிய வெளிநாட்டு வாங்குநர், மேடைக்கு மேடை ஆற்றைக் காப்போம் என்று பேசியவர்... இவர்கள் மண்டைக்குள் என்ன இருந்தது என்று ஏஐ-க்கு எப்படித் தெரியும்?

பிராம்ப்டை, அதாவது ஏஐ-க்கு எழுதிக் கொடுக்கிற குறிப்பை, இன்னும் விரிவாக எழுதினால் வந்துவிடுமே என்பார்கள். சரி, எழுதுங்கள். யார் தலைக்குள் என்ன என்று நீங்களே முடிவு செய்யுங்கள், ஆற்றுக்கு அந்த ஊதா வேண்டாம் என்று சொல்லுங்கள். படத்துக்குக் கீழே குரோஸ் பெயரைப் போடாமல் உங்கள் பெயரைப் போடுங்கள். அப்படி ஒரு படம் வந்தால் நானே முதலில் பகிர்கிறேன்ங்க.