நேரில் சந்தித்தால்தான் குற்றமா?
ஆன்லைனில் குழந்தைகளிடம் தப்பான நோக்கத்தோடு பழகும் ஆட்களைப் பற்றி, "நேரில் பார்க்காதவரை கேஸ் நிற்காது, பிளாக் பண்ணிட்டு விடுங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தப்பு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 11-வது பிரிவு, பாலியல் நோக்கத்தோடு போன், இணையம் வழியாகக் குழந்தையைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையே குற்றம் என்கிறது. 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் இது பொருந்தும்.

செல்லூரில் என் அக்கா மகனுக்கு அப்படி ஒரு ஆளிடமிருந்து முதலில் வந்தது ஆன்லைன் கேமில் இலவச டைமண்ட். அப்புறம், "அம்மா ரொம்பத் திட்டுவாங்களோ?" என்று ஆறுதல். மூன்றாவது வாரம், "வேற ஆப்புக்கு வா, வீட்டில் சொல்லாதே." கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, அதனால்தான் எங்களுக்கு உறைக்கவே இல்லை.

பிளாக் பண்ணுங்கள், சரி. அதற்கு முன் சாட்டை அழிக்காமல், குடும்பக் குரூப்பில் போடாமல், அந்த ஆளின் ஐடியோடு பத்திரப்படுத்துங்கள். பையனைத் திட்டாமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுங்கள்.