72 டெஸ்ட் எதற்கு?

மார்ச் மாதம் வந்தால் போதும், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் லேப் விளம்பரங்கள் வரிசை கட்டிவிடும். "72 டெஸ்ட், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம், இன்று மட்டும் பாதி விலை." கூடவே வருமான வரியில் 5,000 ரூபாய் வரை சலுகை என்று ஒரு கொக்கி. (அந்த 5,000 தனியாகக் கிடைப்பதில்லை. ஹெல்த் இன்சூரன்ஸுக்கான 25,000 ரூபாய் உச்சவரம்புக்குள்ளேயே அதுவும் அடக்கம். இன்சூரன்ஸ் பிரீமியத்திலேயே அது நிரம்பிவிட்டால் இதற்கு ஒரு பைசா கிடையாது. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்குச் சுத்தமாக இல்லை.) இதை வைத்துக் குழுவில் பெரிய வாக்குவாதம். வருஷா வருஷம் ஃபுல் செக்கப் கட்டாயம் என்று ஒரு கட்சி, எல்லாம் பணம் பிடுங்கும் வேலை என்று இன்னொரு கட்சி. அங்கே நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கே.

உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவர் வருஷா வருஷம் அந்த முழுப் பேக்கேஜையும் எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி. அதே நேரம், ஒன்றுமே பார்க்காமல் இருப்பதும் நம் ஊருக்குச் சரிப்படாது. பார்க்க வேண்டியவை நாலைந்துதான். வேடிக்கை என்னவென்றால், அதில் பாதி அந்த 72-க்குள் இருக்காது.

முதலில் இந்த 72 எப்படி வருகிறது என்று பாருங்கள். எடுப்பது இரண்டு மூன்று குழாய் ரத்தமும் ஒரு டப்பா சிறுநீரும்தான். ரத்த அணுக்கள் எண்ணிக்கை என்ற ஒரே சோதனையில் மிஷின் இருபதுக்கும் மேற்பட்ட எண்களைத் துப்பும். ஒவ்வொன்றும் ஒரு டெஸ்ட் என்று கணக்கு. கொலஸ்ட்ராலில் எல்டிஎல் ஒன்று, எச்டிஎல் ஒன்று, அப்புறம் எல்டிஎல்லை எச்டிஎல்லால் வகுத்தால் வரும் விகிதம் ஒன்று. வகுத்தல் கணக்குப் போட்டதும் ஒரு டெஸ்ட்! சிறுநீரின் நிறம் என்ன என்று பார்ப்பதும் ஒரு டெஸ்ட்.

எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே என்பீர்கள். இல்லை. ரிப்போர்ட்டில் வலது ஓரம் போட்டிருக்கும் 'நார்மல்' அளவு பெரும்பாலும் எப்படி வருகிறது தெரியுமா? ஆரோக்கியமானவர்களைச் சோதித்து, நடுவில் உள்ள 95 சதவீதம் பேரின் அளவை எல்லையாக வைக்கிறார்கள். அதாவது எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் கோட்டுக்கு வெளியே விழுவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் செய்தால், முழு ஆரோக்கியமான ஆளுக்கும் ஏதாவது ஒன்று தப்பாக வர 64 சதவீத வாய்ப்பு. 72 எடுத்துவிட்டு எல்லாம் நார்மலாக வந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். ஆனால் தடித்த எழுத்தில் 'எச்' (அதிகம்) என்றோ 'எல்' (குறைவு) என்றோ ஒன்றைப் பார்த்தால் யாருக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும்? கூகுளில் தேடுவோம். ராத்திரி தூக்கம் போகும்.

என் சித்தப்பாவுக்கு இதுதான் நடந்தது. கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் புற்றுநோய்க்கான மார்க்கர்களும் (ரத்தத்தில் புற்றுநோயின் அடையாளம் தேடும் சோதனைகள்) பார்த்துத் தருகிறோம் என்றார்கள். சிஇஏ என்ற ஒன்று லேசாக ஏறியிருந்தது. அப்புறம் வயிற்று ஸ்கேன், அதற்கு மேல் பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி, நடுவில் சித்தியின் அழுகை, குலதெய்வத்துக்கு வேண்டுதல். கடைசியில் ஒன்றும் இல்லை. சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சிஇஏ சற்று அதிகமாக இருப்பது சகஜம். சித்தப்பா கல்லூரிக் காலத்திலிருந்து சிகரெட் பிடிப்பவர். மார்க்கர் எடுக்கச் சொன்னவர்கள் யாரும் அவரிடம் சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அத்தனை செலவில் பாதி மிச்சமாகியிருக்கும். சிகரெட்டை விடு என்று சொல்லியிருந்தால் அந்த 72-ஐவிட அவருக்குப் பிரயோஜனமாக இருந்திருக்கும். இத்தனைக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குப் புற்றுநோயைத் தேட சிஇஏ போன்ற மார்க்கர்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது மருத்துவ உலகில் ஒப்புக்கொண்ட விஷயம்.

இதை ஒரு சித்தப்பா கதையை வைத்து மட்டும் சொல்லவில்லை. பொதுவான உடல் பரிசோதனை உயிரைக் காக்கிறதா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2012-இல் ஆராய்ந்து, 2019-இல் மறுபடி புதுப்பித்தது. 17 ஆய்வுகள், இரண்டரை லட்சம் பேர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடமும் அழைக்கப்படாதவர்களிடமும் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. புற்றுநோய், இதய நோயால் ஏற்படும் மரணங்களிலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

இந்த ஆய்வைத் தூக்கிக்கொண்டு "பார்த்தீங்களா, எல்லாம் ஏமாத்து" என்று கிளம்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. டென்மார்க்கில் எல்லோருக்கும் ஒரு குடும்ப டாக்டர் உண்டு. சளிக்குப் போனாலும் அவர் பிபி பார்த்துவிடுவார். அதற்கு மேல் தனியாக ஒரு செக்கப் வைத்தால் புதிதாக என்ன கிடைக்கும்?

நம்மிடம் அப்படி யார் இருக்கிறார்கள்? ஒரு காலத்தில் இருந்தார்கள். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டாக்டர், மர பெஞ்ச், கம்பவுண்டர், மூன்று கலர் மாத்திரை. அம்மாவைக் காய்ச்சலுக்குக் கூட்டிப்போனால், துணைக்குப் போன அப்பாவின் கையிலும் பிபி பட்டையைச் சுற்றிவிடுவார். "உங்கய்யாவுக்குப் பக்கவாதம் வந்துச்சுல்ல, நீ உப்பைக் குறைய்யா" என்பார். குடும்பத்தின் மூன்று தலைமுறை அவர் மண்டைக்குள் இருந்தது. அந்த ஆள் போன இடத்தில்தான் பேக்கேஜ் வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு மாஸ்டர் செக்கப்புக்குப் போனால் வெறும் வயிற்றில் ரத்தம், கேன்டீன் கூப்பனில் இட்லி, பொங்கல், வடை, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம், சாயங்காலம் ஒரு டாக்டர் ஃபைலைப் புரட்டி "லேசா ஃபேட்டி லிவர், எண்ணெய் குறைங்க, அடுத்த வருஷம் வாங்க." நம் பெயரையே ஃபைலைப் பார்த்துதான் சொல்வார்.

நம் நிலைமையோ டென்மார்க் மாதிரி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நாடு முழுக்க நடந்த 'இண்டியாப்' சர்க்கரை நோய் ஆய்வு 2023-இல் வெளியானது. சென்னையில் உள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையத்தின் மருத்துவர்கள் அஞ்சனா, மோகன் போன்றோர் நடத்தியது. நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். இரண்டுமே ஆரம்பத்தில் வலிக்காது. பார்த்தால்தான் தெரியும். பிபி பார்க்க இரண்டு நிமிஷம் போதும், ஊசி கூடக் கிடையாது. ஆனால் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் தம்பி பெரும்பாலும் பிபி பார்ப்பதில்லை.

தேடித் தேடி எல்லாவற்றையும் கண்டுபிடித்தால் நல்லது என்ற எண்ணத்துக்குத் தென்கொரியாதான் பதில். அங்கே 1999-இல் அரசே புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் தைராய்டு கிடையாது. ஆனால் வந்தவர்களிடம் கொஞ்சம் பணம் கட்டினால் கழுத்து ஸ்கேனும் எடுத்துவிடலாம் என்றார்கள் (நம்ம ஊர் 'ஆட்-ஆன்' அதேதான்). 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு தைராய்டு புற்றுநோய் 2011-இல் பதிவானது. அதனால் சாகிறவர்கள் எண்ணிக்கை மட்டும் அசையவில்லை. கண்டுபிடித்தவற்றில் பெரும்பாலானவை ஆயுசுக்கும் தொந்தரவு தராத சின்னக் கட்டிகள். ஆனால் அறுவை செய்து சுரப்பியை எடுத்தவர்கள் ஆயுசு முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். 2014-இல் அங்குள்ள டாக்டர்களே எழுந்து போதும் என்று சொன்ன பிறகுதான் அந்த அறுவைகள் குறைந்தன.

இதற்கு நேர் எதிராக நம் திண்டுக்கல். அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000-இல் தொடங்கிய ஆய்வு. 30 முதல் 59 வயதுப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் பயிற்சி பெற்ற நர்ஸ் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பார். லேப் வேண்டாம், மிஷின் வேண்டாம். 2007-இல் முடிவு வெளியானபோது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு, நம் ஒட்டன்சத்திரம் பக்கத்தில். இன்றும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது இலவசம். என் அத்தையிடம் சொன்னேன். "போடா, அந்த வயசெல்லாம் தாண்டியாச்சு, அங்க போய் யாரு படுப்பா" என்றார். அவர் வருஷம் தவறாமல் வைட்டமின் டி பார்ப்பவர்.

சரி, நீ என்னதான் செய்கிறாய் என்று கமென்டில் கேட்பீர்கள். பிபி எங்கே கருவி கண்ணில் பட்டாலும் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததால் எனக்கு வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை, சில வருஷத்துக்கு ஒருமுறை கொலஸ்ட்ரால். வீட்டுக்காரிக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை. புகையிலை, பாக்குப் போடுகிறவர்கள் வாயைக் காட்ட வேண்டும். இதில் பாதி அரசு சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் முடியும். ஏற்கெனவே சர்க்கரையோ பிபியோ இருப்பவர்கள் கதை வேறு; அவர்களுக்குக் கண், சிறுநீரகம், பாதம் எல்லாம் வருஷா வருஷம் கட்டாயம், இந்தப் பதிவைக் காட்டித் தப்பிக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னது எல்லாமே ஒரு அறிகுறியும் இல்லாதவர்களுக்கு. மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, மலத்தில் ரத்தம் போகிறது, காரணமே இல்லாமல் எடை குறைகிறது என்று வைத்துக்கொண்டு, "வர்ற மாசம் ஆஃபர்ல ஃபுல் பாடி போட்டிருக்கேன், அதுல தெரிஞ்சிடும்" என்கிறவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். ஐயா, அதற்குப் பேக்கேஜ் வேண்டாம், டாக்டர் வேண்டும். இன்றைக்கே போங்கள். நெஞ்சு வலி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.