ரீஃபண்ட் கேட்காதீர்கள், டிஸ்ப்யூட் போடுங்கள்

53 நாள். கொடைக்கானலில் ஒரு ரூமுக்குக் கிரெடிட் கார்டில் கட்டிய 9,440 ரூபாயைத் திரும்ப வாங்க எனக்கு அத்தனை நாள் ஆனது.

மே மாதம். இ-பாஸ் எல்லாம் எடுத்தாயிற்று, கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. புக் செய்த தளத்தில் இரண்டு நாள் முன்பு வரை கேன்சல் செய்தால் ரூம் வாடகை முழுக்கத் திரும்பும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால் கவலைப்படாமல் கேன்சல் செய்தேன். பத்து வேலை நாளில் பணம் வரும் என்று மெயில் வந்தது. பணம்தான் வரவில்லை.

அப்புறம் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதை. தளத்தில் கேட்டால் "நாங்க அனுப்பிட்டோம் சார், பேங்க்ல கேளுங்க". பேங்க்கில் கேட்டால் "எங்களுக்கு எதுவும் வரலையே சார், அவங்களையே கேளுங்க". ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே அலைந்தேன். கஸ்டமர் கேரில் காத்திருக்க வைக்கும்போது ஒரு பாட்டு போடுவார்களே, தூக்கத்தில் எழுப்பினாலும் அதை இப்போது பாடுவேன்.

அண்ணன் மகன் பேமென்ட் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். அவன்தான் சொன்னான், "சித்தப்பா, ஏ.ஆர்.என். கேளுங்க" என்று. பணத்தை உண்மையிலேயே கார்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் 23 இலக்கத்தில் ஒரு நம்பர் இருக்கும், அதை வைத்து நம் பேங்க் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிவிடலாம். நம்பர் தர முடியவில்லை என்றால் பெரும்பாலும் அனுப்பவே இல்லை. கேட்டேன். மூன்று நாள் மழுப்பினார்கள். சரி, புரிந்துவிட்டது.

நான் செய்த தப்பு என்னவென்றால், பேங்க்கைக் கூப்பிட்டபோதெல்லாம் "ரீஃபண்ட் வரல" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவர்களுக்கு இன்னொரு போன் கால், அவ்வளவுதான். இந்தத் தொகையை டிஸ்ப்யூட் செய்கிறேன், கேன்சல் செய்தும் பணம் வரவில்லை என்று எழுத்தில், கேன்சல் மெயிலையும் தளத்தின் நிபந்தனையைப் படம் பிடித்ததையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வண்டி நகரும். அதன்பிறகு நம் பேங்க், விசாவோ மாஸ்டர்கார்டோ ரூபேயோ, அந்த நெட்வொர்க் வழியாக வியாபாரியின் பேங்க்கிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும், தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்ட வேண்டியது வியாபாரியின் பாடு. சார்ஜ்பேக் என்பது இதுதான். இதற்குக் கெடு உண்டு, விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் பெரும்பாலான வகைகளுக்கு 120 நாள். "இன்னும் பத்து நாள் பொறுங்க சார்" என்று தேனாகப் பேசுகிறவர்களில் சிலர் இந்தக் கெடுவைத் தெரிந்துகொண்டேதான் பேசுகிறார்களோ என்பது என் சந்தேகம்.

நடுவில் பில் வந்தது. கட்டிவிட்டேன். வீம்புக்குக் கட்டாமல் விட்டால் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., போதாக்குறைக்கு அடுத்து வாங்கும் மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். மோசடி என்று புகார் செய்த தொகைக்கு முடிவு தெரியும்வரை எந்தக் கட்டணமும் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன, ஆனால் என்னுடையது மோசடி இல்லை, நானே ஓ.டி.பி. போட்டுக் கட்டியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் செய்யாத செலவு என்றால் உடனே கார்டை பிளாக் செய்துவிட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐக் கூப்பிடுங்கள். தப்பு உங்களுடையதும் இல்லை, பேங்க்குடையதும் இல்லை, நடுவில் வேறெங்கோ என்றால், மெசேஜ் வந்த மூன்று வேலை நாளுக்குள் பேங்க்கிடம் சொல்லிவிட்டவர் தலையில் ஒரு ரூபாய்கூட விழக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொன்னது. ஓ.டி.பி.யை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பேங்க் பதில் சொல்லவில்லையா, பேங்க் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவே இல்லை. எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து ஆன்லைனில் புடவை விற்கும் தோழி ஒருத்தி, புடவையை வாங்கிக் கட்டி, அதே புடவையில் கல்யாண வீட்டு போட்டோவும் போட்டுவிட்டு, பார்சலே வரவில்லை என்று டிஸ்ப்யூட் போட்ட ஒரு புண்ணியவதியைப் பற்றிச் சொல்லி அழுதாள். அது திருட்டு, வேறு பெயர் கிடையாது.

டிஸ்ப்யூட் போட்ட பதினோராம் நாள், அதுவரை ஒரு தடவைகூடத் தானாகக் கூப்பிடாத தளத்திலிருந்து போன். "சார், அமவுன்ட் போட்டுடறோம், டிஸ்ப்யூட்டை மட்டும் வாபஸ் வாங்கிக்கோங்க." பணம் வரட்டும், வாங்கிக்கொள்கிறேன் என்றேன். இரண்டு நாளில் வந்தது, ஏ.ஆர்.என். நம்பரோடு. புக்கிங் கட்டணம் என்று தனியாக வாங்கிய 249 ரூபாய் மட்டும் வரவில்லை. நிபந்தனையை எடுத்துப் பார்த்தேன், அது திரும்பாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.