மண்ணீரலில் கட்டி என்றாலே புற்றுநோயா?

"மண்ணீரலில் கட்டி தெரிந்தால் புற்றுநோய்தான், கத்தி பட்டால் பரவிவிடும்" என்று மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

மண்ணீரலில் வரும் கட்டி, அழற்சியால் உண்டாகி புற்றுக்கட்டி போலத் தோன்றும் 'அழற்சிப் போலிக்கட்டி'யாகவும் இருக்கலாம். மண்ணீரலில் 1984-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இது மிக அரிது, பெரும்பாலும் தீங்கற்றது. வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் எடுக்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. சி.டி. படத்தில் அது நிணநீர்ப் புற்றுநோய் போலவே தோன்றலாம், குழப்பமே அங்கேதான். ஊசியால் சதை எடுத்தால் ரத்தம் கசியலாம், கிடைக்கும் துணுக்கும் போதாமல் போகலாம். ஆகவே பெரும்பாலும் மண்ணீரலையே அகற்றி, நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்கிறார்கள். பலருக்கு அதுவே சிகிச்சையாகவும் முடிந்துவிடுகிறது.

ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள். அறுவை முடிவானால், இரண்டு வாரம் முன்பே நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.