எந்நேரத்தில் போன் செய்வது?

கொரோனா வார்டு ஊழியர்களின் மனநிலை பற்றி ஒரு கட்டுரை படித்தேன். மனநல ஆலோசனைக்கு போன் நம்பர் கொடுத்தும் அவர்கள் அதிகம் அழைக்கவில்லை என்று கட்டுரையாளர் ஆச்சரியப்படுகிறார். நான் அப்போது அப்படி ஒரு வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். கவச உடையை மாட்டிவிட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். குடித்தால் பாத்ரூம் போகணும், போனால் உடை வீண். கையுறையைக் கழற்றினால் வியர்வை சொட்டும், விரலெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். அப்புறம் எங்கே போன் பேசுவது? விழுந்து தூங்கினால் போதும் என்றிருக்கும்.

நாங்கள் சாவுக்குப் பயந்தோம் என்று கட்டுரை சொல்வதும் பாதிதான் சரி. நோயை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்பதுதான் பெரிய பயம். மாமியாருக்குச் சர்க்கரை. மகளை 23 நாள் வீடியோ காலில் மட்டுமே பார்த்தேன்.

2020 மார்ச் 22 மாலை எங்களுக்காக ஊரே கைதட்டியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 19 இரவு சென்னையில் கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது. கடைசியில் சக டாக்டர் ஒருவரே மண் அள்ளிப் போட வேண்டியதாயிற்று. மறுநாள் டியூட்டி ரூமில் யாருக்கும் பேச்சு வரவில்லை. சீனியர் அக்கா மட்டும், "நமக்கும் இப்படித்தானா பாப்பா?" என்று கேட்டார். மூன்றே நாளில் அவசரச் சட்டம் வந்தது, மருத்துவ ஊழியர்களைத் தாக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று. சரி, நல்லதுதான். அதற்குப் பிறகும் எங்கள் வார்டு அட்டெண்டர் ஒருவரை வாடகை வீட்டு ஓனர் காலி செய்யச் சொன்னார்.

கொரோனா நேரத்தில் தமிழக அரசு ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. அவர்கள் மனநிலை பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே?