குழந்தை நீலமாகவில்லை என்றால் இதயம் சரியாக இருக்கிறதா?

"பிறந்த குழந்தை நீலமாக மாறவில்லை என்றால் இதயத்தில் குறை எதுவும் இல்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

பிறவி இதயக் குறைகளில் அதிகம் காணப்படுவது கீழறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டை. இதில் ஆக்சிஜன் நிறைந்த நல்ல ரத்தம் நுரையீரலுக்குத்தான் கூடுதலாகப் போகிறது, அதனால் குழந்தை பெரும்பாலும் நீலமாகாது. பிறந்தவுடன் நுரையீரல் அழுத்தம் அதிகமாக இருப்பதால் முதல் நாள் பரிசோதனையில் ஓட்டை வழியாக ரத்தம் பாயும் சத்தம்கூடக் கேட்காமல் போகலாம். அழுத்தம் குறையக் குறைய, சில வாரங்கள் கழித்துத்தான் பெரிய ஓட்டையின் அறிகுறிகள் தெரியும். பால் குடிக்கும்போது வியர்ப்பது, மூச்சு வாங்குவது, பாதியிலேயே களைத்துப்போவது, எடை ஏறாமல் இருப்பது, இவற்றைத்தான் கவனிக்க வேண்டும். சிறிய ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும், ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் நாட்களில் கை, கால் மட்டும் லேசாக நீலமாக இருப்பது பெரும்பாலும் இயல்பு. நாக்கும் உதடும் நீலமானால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்து ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. வலியே இல்லாத சோதனை, கண்ணுக்குத் தெரியாத குறைவையும் காட்டும், கேட்டு வாங்குங்கள். ஆனால் மகாதமனி (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) குறுகியிருப்பது போன்ற சில குறைகள் இதிலும் தப்பிவிடும். சோதனை சரியாக வந்திருந்தாலும் குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தால் காத்திருக்காதீர்கள்.