கில்லெமினும் ஷாலியும் ஒரே ஆய்வகத்தில் சேர்ந்து கண்டுபிடித்ததா?
ஒருவர், "மூளைதான் ஹார்மோன்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதை கில்லெமினும் ஷாலியும் ஒரே குழுவாக உழைத்து 1977-இல் கண்டுபிடித்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். 1977, ஹார்மோன் ஆய்வாளர்களான ரோஜர் கில்லெமினுக்கும் ஆண்ட்ரூ ஷாலிக்கும் நோபல் பரிசு கொடுத்த ஆண்டு, அவ்வளவுதான். மற்றவை தவறு.

கட்டுப்பாடு மூளையிலிருந்து வருகிறது என்று நிறுவியதில் பெரும்பங்கு பிரிட்டனின் ஜெஃப்ரி ஹாரிஸுக்கு. 1952-இல் அவரும் டோரா யாகப்சனும் செய்த சோதனை அருமையானது. பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள ஹார்மோன் சுரப்பி) நீக்கப்பட்ட பெண் எலிகளில், வேறொரு பிட்யூட்டரியை மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸுக்கு நேர் கீழே வைத்தார்கள். இனப்பெருக்கச் சுழற்சி திரும்பியது. சில எலிகள் சினையும் ஆயின. அதே சுரப்பியைச் சற்றுத் தள்ளி, மூளையின் பக்கவாட்டு மடலுக்குக் கீழே வைத்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு இடத்திலும் ரத்தம் கிடைத்தது. ஆனால் ஹைப்போதலாமஸிலிருந்து இறங்கும் நுண்குழாய்களின் ரத்தம் ஓரிடத்தில் மட்டுமே. ஆக, நரம்பு வழியாக அல்ல, ரத்தம் வழியாக ஏதோ ஒரு வேதிப்பொருள் போகிறது.

அந்தப் பொருள் எது என்று கண்டுபிடித்ததுதான் கில்லெமின், ஷாலியின் வேலை. தொடக்கத்தில் ஹூஸ்டனில் ஒன்றாக இருந்தது உண்மை. 1962-இல் பிரிந்த பிறகு கடும் போட்டியாளர்கள்: ஒருவர் ஆட்டு மூளைகளை அரைத்தார், மற்றவர் பன்றி மூளைகளை. லட்சக்கணக்கில்! 1969-இல் இரு தரப்பும் தனித்தனியே, அப்படிப்பட்ட ஒரு வேதிப்பொருளான டிஆர்ஹெச்-இன் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை பிட்யூட்டரியிலிருந்து வெளியிடச் செய்வது) அமைப்பை எட்டின. வெறும் மூன்று அமினோ அமிலங்கள்.

பரிசில் பாதிதான் இவர்களுக்கு; மறுபாதி ரோசலின் யாலோவுக்கு, ஹார்மோன்களை அளக்கும் கதிரியக்க முறைக்காக. ஹாரிஸ் 1971-லேயே இறந்துவிட்டார்.